இருபத்திரண்டு என்று காட்டுகிறது

இருபத்திரண்டு. பச்சை எழுத்தில், நேராக, வெட்கமில்லாமல், இருபத்திரண்டு என்று காட்டுகிறது. என் மூச்சு வெள்ளைப் புகையாகப் போய் அந்த இலக்கத்தை மறைக்கிறது, கலைகிறது, பிறகும் இருபத்திரண்டு. காருக்குள் இருபத்திரண்டு பாகை சூடு என்றால் மேல்கோட்டைக் கழற்றி மடியில் மடித்து வைத்துக்கொண்டு இருக்கலாம். எனக்கோ சப்பாத்துக்குள் கால்விரல்களை ஒவ்வொன்றாக அசைத்து, இருக்கிறாயா என்று விசாரிக்க வேண்டியிருக்கிறது. பெருவிரல் பதில் சொல்கிறது. மற்றதுகள் பேசாமல் இருக்கின்றன. வெளியே மைனஸ் முப்பத்தொன்று. அதை மட்டும் இந்தக் கார் பொய் சொல்லாமல் கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. மத்தியானம். மத்தியானம் என்று மணிக்கூடுதான் சொல்கிறது, வானம் நீல மை கரைத்த தண்ணீர் மாதிரிக் கிடக்கிறது, இந்த வடக்கு நோர்வேயில் தை மாதம் பாதி போகுமட்டும் சூரியன் எட்டிப் பார்க்காது. முன்னுக்கு ஒரு தடைக்கம்பம், அதற்கு முன்னால் மலை, மலையில் பனிப்புயல். பனி வழிக்கிற லொறி வந்து முன்னால் போக, நாங்கள் பின்னால் வரிசையாகப் போக வேண்டும். அதற்காகக் காத்துக்கொண்டு இருக்கிறோம், எஞ்சின் ஓடுகிறது, காற்று வருகிறது, சூடு மட்டும் வரவில்லை. "இஞ்சாருங்கோ, உந்தச் சூட்டைக் கொஞ்சம் கூட்டுங்கோவன்" என்றேன். "கூட்டித்தானே கிடக்கு பிலோ. இருபத்திரண்டு எண்டு எழுதியிருக்கு, பார்." "எழுதியிருக்கிறதைப் போர்த்துக்கொண்டு இருக்கச் சொல்லுறியளோ?" மனிசன் சிரிக்கிறார். நான் பகிடி விட்டேனாம். இத்தனை வருசம் கூட இருந்தும் என் கோபத்துக்கும் என் பகிடிக்கும் வித்தியாசம் தெரியாத மனிசன் அல்போன்ஸ். எனக்குச் சத்தம் போடத் தெரியாது, அதுதான் என்னுடைய சாபம். கோயிலில் எல்லாரும் சொல்வார்கள், பிலோமினா அக்கா பொறுமைசாலி, பிலோமினா அக்காவின் வாயில் ஒரு கெட்ட வார்த்தை வராது. வாயில் வராதுதான். வயிற்றுக்குள் எத்தனை கிடக்கிறது என்று ஆராவது கேட்டார்களா. கோதாரியிலை போன கார். இந்தா, ஒன்று வந்துவிட்டது.

மடியில் பிளாஸ்க். அதை இரண்டு துவாயால் சுற்றி, அதற்கு மேல் என்னுடைய கம்பளிச் சால்வையையும் சுற்றி வைத்திருக்கிறேன், அதனால்தான் கழுத்து இப்படி விறைக்கிறது. உள்ளே பத்தியக் கறி. மிளகும் மல்லியும் உள்ளியும் அரைத்து, புளி குறைத்து, இங்கே பிடித்த மீனில் முள் பார்த்து எடுத்துக் காய்ச்சினது. பிள்ளை பெற்றவளுக்கு இந்தச் சரக்குச் சாப்பாடு போகாமல் ரொட்டியும் பாற்கட்டியும் குடுக்கிறார்களாம், ஐஸ் போட்ட தண்ணீர் குடுக்கிறார்களாம். என் மகள் ஜெனிற்றா, கடைசிப் பிள்ளை, மலைக்கு அங்கால் பட்டினத்து ஆஸ்பத்திரியில் தனியப் படுத்திருக்கிறாள். முந்தநாள் பிள்ளை பிறந்தது, மாதம் நிறையாமல். பெண்பிள்ளை. ஒரு முழுப் பாண் அளவுதான் இருக்குமாம். மருமகன் மீன்பிடிக் கப்பலில், நடுக்கடலில். கப்பலைத் திருப்புவார்களா, திருப்பமாட்டார்கள், மீனுக்கு இருக்கிற மரியாதை மனிசருக்கு இல்லை. விமானமும் புயலால் இல்லை என்றார்கள். சரி, காரில் போவோம் என்றேன். காலையில் ஜெனி ஃபோனில் அழுதாள். "அம்மா, இண்டைக்குப் பின்னேரம் பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியாலை எடுத்து என்ர நெஞ்சிலை வைக்கலாமாம். எனக்குப் பயமா இருக்கு. வழுக்கி விழுந்திடும் போலை கிடக்கு. நீங்கள் வந்தாத்தான் நான் வாங்குவன், இல்லாட்டி வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்." வேண்டாம் என்று சொல்லிப்போட்டாளாம். சொந்தப் பிள்ளையை. பயந்தவள், சின்னனிலிருந்தே பயந்தவள், பூனைக்குட்டியைக்கூட இன்னொருத்தர் பிடித்துக் குடுத்தால்தான் தொடுவாள். வாறன் ராசாத்தி, பின்னேரத்துக்கு முன்னம் அம்மா அங்கை நிற்பன் என்றேன். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் இப்போது இந்த இரும்புப் பெட்டிக்குள் விறைத்துக்கொண்டு இருக்கிறேன். அங்கே அந்தப் பிஞ்சுக்கு ஒரு பெட்டி, சூடான பெட்டி. இங்கே எங்களுக்கு ஒரு பெட்டி.

அந்தத் தாதியிலும் எனக்குக் கோபம். முந்தநாளே ஜெனிக்குச் சொன்னேன், உன்னுடைய கழுத்தில் கிடக்கிற உத்தரியத்தை, அந்த மாதா படத் துணியைக் கழற்றிப் பிள்ளையின் வயிற்றில் வை, மாதா பார்த்துக்கொள்வா என்று. வைத்தவள்தான். தாதி வந்து எடுத்துப்போட்டாளாம். வயிற்றில் ஏதோ வயர் ஒட்டியிருக்கிறதாம், தங்க நிறத்தில் வட்டமான ஒட்டு. அதற்கு மேல் துணி கிணி மூடக்கூடாதாம். "மூடினா, அம்மா, அந்த இடம் மட்டும் சூடாகுமாம். மிஷின் அதைத்தான் பாத்துக்கொண்டிருக்கும், பிள்ளை முழுக்கச் சூடு எண்டு நினைச்சு நிப்பாட்டிப்போடுமாம்." ஒரு துண்டுத் துணி, அரை விரல் அகலம், மாதாவின் துணி, அது மூடியா பிள்ளைக்குக் குளிரப்போகிறது? மிஷினைப் படிச்சவர்களுக்கு மாதாவைத் தெரியாது என்று சொன்னேன். ஜெனி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. இப்போது மனிசன் பழைய சுப்பர்மார்க்கெட் அட்டையை எடுத்து முன்கண்ணாடியைச் சுரண்டுகிறார். வெளிப்பக்கத்தை அல்ல. உட்பக்கத்தை. எங்களுடைய மூச்சுத்தான் கண்ணாடியில் ஒட்டிப் பனியாகிறது. சுரண்டச் சுரண்ட மாவரிக்கிற மாதிரி டாஷ்போட்டில் கொட்டுகிறது, அங்கே ஒட்டி வைத்திருக்கிற குட்டி மாதாவின் தலையில் கொட்டுகிறது. நான் கைலேஞ்சியால் மாதாவின் தலையைத் துடைத்துவிடுகிறேன். "மூச்சு விடாமல் இருந்தா நல்லம் போல" என்கிறார். "நீங்கள் முதல் நிப்பாட்டிக் காட்டுங்கோ" என்கிறேன். இதற்கும் சிரிக்கிறார்.

கார் மூத்தவன் றொஷானுடையது. ஒஸ்லோவில் கரண்டில் ஓடுகிற கார் வாங்கியபிறகு இதை எங்களுக்குத் தந்தான். தரும்போது தகப்பனுக்குப் பாடம் எடுத்தான், அப்பா இதை ஓட்டோவில் விடுங்கோ, இருபத்திரண்டில் வையுங்கோ, தொடாதேங்கோ, கார் தானே பாத்துக்கொள்ளும். தகப்பன் அதை வேதவாக்காய் எடுத்துக்கொண்டார். கடலில் வள்ளம் விட்ட மனிசன், காற்றை மூக்கால் மணந்து திசை சொன்ன மனிசன், மகன் சொன்ன ஒரு இலக்கத்துக்கு முன்னால் கைகட்டி நிற்கிறார். நான் திரும்பத் திரும்பச் சொன்னபிறகு இருபத்தைந்துக்குத் திருப்பிப் பார்த்தார், அதே குளிர் காற்று. "பாத்தியோ, ஒரு வித்தியாசமும் இல்லை" என்று திருப்பி இருபத்திரண்டில் விட்டார். முழுக்கத் திருப்புங்கோ, சிவப்பு முடியுமட்டும் திருப்புங்கோ என்றால், தம்பி றொஷான் தொட வேண்டாம் எண்டவன் என்கிறார். றொஷானுக்கு ஃபோன் போட்டோம். வீடியோவில் வந்தான். அரைக்கைச் சட்டை. பின்னால் ஒரு பூச்சாடி, பச்சையாய், கொழுகொழுவென்று. "அம்மா, மைனஸ் முப்பதிலை எந்தக் காரும் அப்பிடித்தான். கொஞ்சம் பொறுங்கோ, கார் நல்ல கார்." பொறுங்கோ. அரைக்கைச் சட்டையோடு இருக்கிறவன் சொல்கிறான் பொறுங்கோ என்று. எனக்குக் குளிரைப் பற்றி வகுப்பெடுக்கிறான். மீன் கொம்பனியின் குளிர் அறையில் கத்தி பிடித்தது இந்தக் கை, கையுறைக்குள் இன்னொரு கையுறை போட்டும் நகத்துக்குள் குளிர் ஊசி ஏத்தினது, அந்தக் கையால்தான் அவனுக்கு லப்டொப் வாங்கினது, அதில்தான் அவன் எஞ்சினியர் ஆனது. சொல்லிக்காட்டக் கூடாது. பிள்ளைக்குச் செய்ததைச் சொல்லிக்காட்டினால் புண்ணியம் போய்விடும் என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். போகட்டும். புண்ணியத்தைப் போட்டு எரித்தாவது இந்தக் கார் சூடாகுமென்றால் எரிக்கலாம். ஆனால் நேற்று வரைக்கும் இந்தக் கார் சூடாகத்தானே இருந்தது? ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது நான் கையுறை போடவில்லை, அது ஞாபகம் இருக்கிறது, செபமாலை உருட்ட வெறுங்கை. அன்றைக்கு மைனஸ் பதினெட்டோ இருபதோ. இன்றைக்கு என்ன வந்தது. இன்றைக்குத்தானா வரவேண்டும்.

ஆரோ கண்ணாடியில் தட்டுகிறார்கள். செம்மஞ்சள் சட்டை போட்ட பெட்டை, தடைக்கம்பத்துக்குப் பொறுப்பானவள், முகத்தில் கண் மட்டும் தெரிகிறது, இமையில் பனி. கண்ணாடி இறங்கவில்லை, உறைந்துவிட்டது. மனிசன் கதவைத் திறந்தார், இருந்த கொஞ்சமும் வெளியே போனது. பெற்றோல் இருக்கிறதா, போர்வை இருக்கிறதா என்று நோர்வேஜிய மொழியில் கேட்டாள். இருக்கு, இருக்கு. சூடு வருகுதா என்று கேட்டாள். "வருகுது, வருகுது" என்று இந்த மனிசன் சொல்கிறார், "இருபத்திரண்டு!" என்று விரலால் காட்டுகிறார், படம் காட்டுகிற மாதிரி. அவள் கையுறையைக் கழற்றி, உள்ளே குனிந்து, காற்று வருகிற துவாரத்தில் உள்ளங்கையைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "இது சூடில்லை" என்றாள். "கண்ணாடி உள்ளுக்குள்ளும் உறையுது. முன்னால் போகிற லொறியின் வெளிச்சம் உங்களுக்குத் தெரியாது. நடு மலையில் நீங்கள் நின்றால் பின்னால் வருகிற எல்லாரும் நிற்க வேண்டிவரும். லொறி வருமுன் கண்ணாடி தெளியவேணும். இல்லாட்டி நீங்கள் திரும்பிப் போகத்தான் வேணும்." மகள், பேரப்பிள்ளை, ஆஸ்பத்திரி என்று எனக்குத் தெரிந்த நோர்வேஜியன் முழுவதையும் அவளிடம் கொட்டினேன். அவள் கேட்டாள், பொறுமையாய்க் கேட்டாள், பிறகு "விளங்குது. ஆனால் மலைக்கு விளங்காது" என்றாள். முன்னுக்கு நிற்பதெல்லாம் மீன் லொறி, ஆள் ஏற்றமாட்டார்களாம். அடுத்த வரிசை நாளைக்குத்தானாம், அதுவும் புயல் விட்டால். கதவைச் சாத்திவிட்டுப் போனாள். அவளிலும் கோபம் வந்தது, ஆனால் நிற்கவில்லை, அவள் காற்றில் கையை வைத்துப் பார்த்தவள். இலக்கத்தைப் பாராமல் கையைப் பிடித்துப் பார்த்தது இன்றைக்கு அவள் ஒருத்திதான். "என்னப்பா செய்யிறது" என்கிறார் மனிசன், இப்போது சிரிக்கவில்லை, அட்டையால் சுரண்டுகிறார், சுரண்டின இடத்தில் அவருடைய மூச்சே போய் மறுபடி ஒட்டுகிறது, அவர் இன்னும் கிட்டக் குனிந்து சுரண்டுகிறார், இன்னும் மூச்சு. "தள்ளி இருந்து சுரண்டுங்கோ!" இது சத்தமாகவே வந்துவிட்டது. மனிசன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். நானும் திடுக்கிட்டேன்.

அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினேன், தொடங்கினது முடியவில்லை, நடுவில் சிக்கிக்கொண்டது. ஏனென்றால் மாதா எனக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறா. ஊரில் மடு மாதா கோயில் திருவிழாக் கடையில் வாங்கின குட்டி மாதா, பின்னால் மெழுகுதிரி மாதிரி ஒரு குட்டி பல்ப், காரின் பிளக்கில் குத்தினால் எரியும். வீட்டு மேசையில் இருந்தவவை இன்றைக்குக் காலையில்தான் காருக்குக் கொண்டுவந்தேன். வயர் கட்டை. எங்கெங்கோ வைத்துப் பார்த்து, எட்டவில்லை, கடைசியில் நடுவில், அந்த இருபத்திரண்டுக்குப் பக்கத்தில், மனிசன்தான் இரண்டு பக்கமும் ஒட்டுகிற ரேப் போட்டு அழுத்தி ஒட்டினார். எஞ்சின் ஸ்டார்ட் பண்ண முதலே நான் நேர்ந்தேன்: தாயே, பேரப்பிள்ளையை இந்தக் கையில் ஏந்துமட்டும் உன்னுடைய விளக்கை அணையவிடமாட்டேன், நீ அந்தப் பிள்ளையின் மூச்சை அணையவிடாதே. பெற்றோல் அடிக்க நின்ற இடத்திலும் வயரில் கைவைக்க ஒருவரையும் விடவில்லை. இப்போது பார்க்கிறேன், இந்தக் காருக்குள் உறையாத இடம் அவ நிற்கிற இடம் ஒன்றுதான். அவவைச் சுற்றி ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஈரமாய், பளபளப்பாய், பனியில்லாமல் இருக்கிறது. உனக்கு மட்டும் சூடு, என்ன? நான் நேர்ந்து, நான் ஏற்றின விளக்கில் நீ மட்டும் குளிர்காய்கிறாய். அங்கே ஒருத்தி தன் பிள்ளையை வாங்கப் பயந்து வாசலைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள், உனக்குத் தெரியாதா, நீயும் மாட்டுக்கொட்டிலில் தனியப் பெற்றவள்தானே, உனக்குமா தெரியாது? என்னுடைய வாழ்க்கையில் நான் மாதாவிடம் இப்படிக் கதைத்ததில்லை. குடு, எனக்கும் கொஞ்சம் குடு என்று விறைத்த விரல்களை அந்தப் பல்பின் பக்கத்தில் கொண்டுபோனேன். சுட்டது. நன்றாகவே சுட்டது. விரலை இழுத்தபோது மறு கையில் இருந்த கைலேஞ்சியின் நுனி மாதாவின் காலடியில் போய் ஒட்டிக்கொண்டது. விழவில்லை. நான் பிடிக்கவில்லை, அதுவாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இழுத்தேன், வந்தது. கிட்டக் கொண்டுபோனேன், திரும்ப ஒட்டிக்கொண்டது. குனிந்து பார்த்தேன். மாதாவுக்குப் பின்னால், பல்புக்கு நேர் கீழே, சீப்புப் பல் மாதிரிச் சின்னச் சின்னக் கீறல்கள். கீறலுக்குள் காற்று போகிறது. கார் அந்தக் கீறலாலேதான் மூச்சு இழுக்கிறது.

அந்த இடம் மட்டும் சூடாகுமாம். மிஷின் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்குமாம். ஜெனி சொன்னது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னது, அவளுடைய குரலிலேயே காதுக்குள் வந்தது. முழுக்கச் சூடு என்று நினைத்து நிற்பாட்டிப்போடுமாம். இந்தக் காரும் பல்பின் சூட்டை மோந்து பார்த்துத்தான் நிற்பாட்டியிருக்கிறது. தாயே. அரை விரல் அகலத் துணி. நான் வைக்கச் சொன்ன துணி. தாதி எடுத்துப்போடாமல் விட்டிருந்தால். எடுத்துப்போட்டாள், எடுத்துப்போட்டாள், அவள் நல்லா இருக்கவேணும், நான் அவளைத் திட்டினேன். தூரத்தில் மஞ்சள் வெளிச்சம் சுழல்கிறது, பனி லொறி வருகிறது. வயரை வேறு எங்கே இழுக்கலாம்? இழுத்துப் பார்த்தேன், எட்டவில்லை, காலையிலேயே பார்த்ததுதானே. அப்படியென்றால் அணைக்க வேண்டும். பிள்ளையின் மூச்சின் பேரில் ஏற்றின விளக்கு. அதை என்னுடைய கையால். பிளக்கில் கை வைத்தேன், கை வரவில்லை. அணைத்த நேரத்தில் அங்கே ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், பிறகு நான் என்னத்துக்கு. அணைக்காமல் திரும்பிப் போனால், பின்னேரம் அவர்கள் பிள்ளையை எடுத்து நீட்டுவார்கள், இவள் வேண்டாம் என்பாள், பிள்ளை திரும்பப் பெட்டிக்குள் போகும். மஞ்சள் வெளிச்சம் கண்ணாடிப் பனியில் பட்டுக் கார் முழுக்க ஒருதரம் மஞ்சளாகி அடங்கியது. செம்மஞ்சள் சட்டைக்காரி முன் லொறியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறாள். இஞ்சே கேள் தாயே, கோவிக்கிறதென்றால் என்னைக் கோவி. என்னை மட்டும் கோவி. பிளக்கைப் பிடுங்கினேன். மாதாவின் முகம் இருண்டது. "ஐயோ பிலோ, என்னப்பா செய்யிறாய், நேர்த்தியெல்லோ!" ரேப் கிர்ரென்று கிழிந்து வந்தது. கோட்டின் சிப்பைத் திறந்து, சட்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் அவவை வைத்து, சிப்பை மூடினேன். பல்ப் இன்னும் சுட்டது, தோலில். சுடட்டும்.

காற்று ஒருக்கால் நின்றது. அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பிறகு காருக்குள் எங்கேயோ ஒரு கதவு திறந்த மாதிரி டக்கென்று ஒரு சத்தம், பிறகு பெருமூச்சு, பிறகு இரைச்சல், காலில் சூடு, முழங்காலில் சூடு, தூசி மணக்கிற நல்ல சூடு, கண்ணாடியின் அடியில் பனி உருகி ஒரு பிறை மாதிரி விழுந்து, பிறை வளர்ந்து, அதற்குள்ளே லொறியின் பின் வெளிச்சம் சிவப்பாய்த் தெரிந்தது. மனிசன் இரண்டு கையையும் துவாரத்தில் பிடித்துக்கொண்டு குழந்தைப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்தார். செம்மஞ்சள் சட்டைக்காரி வந்தாள், கதவைத் திறந்தாள், உள்ளங்கையைப் பிடித்தாள், என்னைப் பார்த்துத் தலையாட்டினாள், வரிசையில் எங்களுடைய இடத்தை விரலால் காட்டினாள். தடைக்கம்பம் எழும்பினது. கால்விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன, வரும்போது எல்லாம் வலிக்கின்றன, எனக்குக் கண்ணீர் வருகிறது, அது வலியால்தான். நெஞ்சுக்குள் இருக்கிற பல்ப் ஆறிக்கொண்டு வருகிறது. இனி என்னுடைய சூட்டில்தான் அவ இருக்கவேண்டும். அணைந்த விளக்கோடு, நேர்த்தியை முறித்த கிழவியின் சூட்டில். அவ கோவமோ இல்லையோ தெரியாது. எனக்குக் கோவம் இன்னும் தீரவில்லை, அதை அவவுக்கு மறைக்கவும் முடியாது, இவ்வளவு கிட்ட வைத்துக்கொண்டு எதை மறைக்கிறது. ஃபோனில் ஒரு செய்தி வந்து சிணுங்கியது. எடுக்கப் பயமாயிருந்தது. எடுத்தேன். ஜெனி. *அம்மா எங்கை நிக்கிறியள், பிள்ளை கண் முழிச்சுப் பாக்குது.* மூன்றுதரம் வாசித்தேன். "பாத்தியோ" என்றார் மனிசன், லொறியின் வெளிச்சத்துக்குப் பின்னால் மெல்ல மெல்ல ஓட்டிக்கொண்டு, "மாதா புதுமை செய்துபோட்டா! றொஷானும் சொன்னவன்தானே, கொஞ்சம் பொறுங்கோ எண்டு. இருபத்திரண்டு எண்டா இருபத்திரண்டுதான்."

"முன்னுக்குப் பாத்து ஓடுங்கோ" என்றேன்.